காப்பி பறித்த கையும் ஒரு பேசின் வெந்நீரும்

போன மாதம் ஜெனிஃபர் என்னைத் தேடிக்கொண்டு நாகலூருக்கு வந்தாள். ஏற்காட்டில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு நர்ஸ். வந்தவள் காப்பியைக் குடித்து முடித்ததும் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

“சிஸ்டர், நம்ம ஐ.சி.யூ.வை இடிச்சுப் புதுசா கட்டறாங்க. அந்த எனாமல் பேசினைத் தூக்கி எறிஞ்சுடலாமான்னு கேட்கறாங்க. சுகர் பார்க்க ஸ்பிரிட் வச்சுத் துடைச்சா போதாதுங்களா? எதுக்கு ஒவ்வொரு தடவையும் வெந்நீர்ல கையைக் கழுவி விடணும்? புதுசா வந்த பிள்ளைங்க கேட்டா எனக்கே பதில் தெரியலீங்க.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விளிம்பெல்லாம் எனாமல் பெயர்ந்துபோன அந்தப் பேசின் இன்னுமா இருக்கிறது! காரணம் மறந்துபோய் வழக்கம் மட்டும் நிற்கிறது என்றால், எங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் நல்ல பிள்ளைகள்தான். நான் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், “இதை நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க சிஸ்டர், நான் சொன்னா பாதியை மறந்துடுவேன்” என்று கட்டளை போட்டுவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கீழே சேலத்தில் நர்ஸிங் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிக்கக் கற்றேன், திட்டு வாங்கக் கற்றேன், ஒரு மலைக்காரியால் சேலத்து வெயிலிலும் உயிரோடு இருக்க முடியும் என்று கற்றேன். எழுபதுகளின் கடைசியில் மலையேறி வந்து ஏற்காட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது, அப்பா எஸ்டேட் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஊர்வாய்க்குத் தனியாக யாரும் தேவையில்லை.

அந்தக் காலத்தில் சர்க்கரை பார்ப்பது என்றால் சிறுநீரில்தான். கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்போம். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதில் ஒரு வம்பு உண்டு. சிறுநீர் சொல்வது எப்போதோ நடந்து முடிந்த கதை. ரத்தத்தில் இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. சர்க்கரை குறைந்து மயங்கிக் கிடப்பவரின் சிறுநீர்கூட, முன்னால் ஏறியிருந்த கணக்கை வைத்து ஆரஞ்சு நிறம் காட்டும்.

எண்பதுகளில் எங்களுக்கு நாலு கட்டில் போட்ட ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு வந்தது. கூடவே ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் வந்தது. விரலில் குத்தி, பெரிய சொட்டாக ரத்தத்தை ஸ்ட்ரிப்பின் தலையில் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்துப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் போச்சு. இன்னொரு நிமிடம் காத்திருந்து, டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் செய்து பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே மஞ்சள் பல்பு. இளம்பச்சையா கரும்பச்சையா என்று மூன்று நர்ஸுகள் சேர்ந்து பட்டிமன்றம் நடத்துவோம். மூடியைச் சரியாக மூடாவிட்டால் பனி ஈரம் உள்ளே போய் ஸ்ட்ரிப்பே கெட்டுவிடும்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் வார்டில் எல்லோருக்கும் திடீரென்று சர்க்கரை ஏறிவிட்டது. கேக்கு மேல் பழியைப் போட்டோம். லேப் டெக்னீஷியன் ஆரோக்கியம் அண்ணன் வந்து நின்று, மேலே பார்த்தார். மேஜைக்கு நேர் மேலே நாங்கள் ஆசை ஆசையாகத் தொங்கவிட்ட சிவப்புக் காகித நட்சத்திரம், உள்ளே பல்போடு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எந்தப் பச்சைதான் பச்சையாகத் தெரியும்?

“சாமி பொறந்ததுக்கு எல்லாத்துக்கும் இன்சுலினா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதைச் சொல்லியே ஈஸ்டர் வரைக்கும் ஓட்டினார். அவருக்கு எங்கள் ஸ்ட்ரிப் மேல் மரியாதையே கிடையாது. “உங்க கிளி ஜோசியம் என்ன சொல்லுது?” என்றுதான் விசாரிப்பார். ரத்தக் குழாயிலிருந்து ஊசியில் எடுத்து, அவருடைய லேபில் செய்தால்தான் அது டெஸ்ட். ஆனால் அது முடிய நேரமாகும். உயிருக்குப் போராடும் ஆளுக்கு அவ்வளவு நேரம் இருக்க வேண்டுமே.

டாக்டர் ஜெபராஜ் எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். ரவுண்ட்ஸ் வரும்போது சார்ட்டை நீட்டினால் வாங்க மாட்டார். முதலில் போர்வையை விலக்கி நோயாளியின் இரண்டு பாதங்களையும் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் கை. அப்புறம் முகம். கடைசியில்தான் சார்ட். நாங்கள் அவருக்குக் ‘கால் டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்குத் தெரியும் என்பது அவர் மாற்றலாகிப் போகும் நாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பாதமும் விரலும் சில்லென்று இருந்தால், “விரல் ரத்தத்தை நம்பாதீங்க, லேபுக்கு அனுப்புங்க” என்பார். ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கிறவருக்கு விரல் நுனிக்கு ஒழுங்காக ரத்தமே போகாது. குத்தினால் வராது. பிதுக்குவோம். பிதுக்கினால் ரத்தத்தோடு தண்ணீரும் கலந்து வரும், கணக்கு தப்பும். வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்து விரலைச் சூடாக்கிய பிறகு குத்த வேண்டும் என்று கற்றுக் கொடுத்தது அவர்தான்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஒருமுறை வாழவந்தியிலிருந்து வந்த ஒரு பெரியவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. டாக்டர் கட்டிலருகே நின்று, தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலின் லேபிளைக் கோயிலில் வேதம் வாசிப்பது போல நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு அந்தக் குழாய் எந்தக் கையில் போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தார். அதே கையின் விரலில் குத்தின புள்ளி இருந்தது. குளுக்கோஸ் ஏறுகிற கையிலேயே குத்தி ரத்தம் எடுத்தால் வேறென்ன வரும்? எங்களுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் மறு கையைக் காட்டி, “அந்தக் கையும் சும்மாதானே இருக்கு” என்று மட்டும் கேட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மிசின் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற குளுக்கோமீட்டர். யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்தது. பச்சையா கரும்பச்சையா என்ற வழக்கு அன்றோடு தீர்ந்தது. கண்ணாடிச் சில்லில் எண் ஓடி வந்து நிற்கும். முதல் வாரம் ஆஸ்பத்திரியில் குத்தாத விரல் இல்லை. மெஸ் சமையல்காரருக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தோம், அதன் பிறகு பாவம் எங்கள் பாயசத்தில்தான் இனிப்பு குறைந்தது. டாக்டர் தினமும் மிசின் கணக்கையும் ஆரோக்கியம் அண்ணனின் லேப் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நடமாடுகிற ஆட்களிடம் இரண்டும் ஓரளவு ஒத்துப்போனது.

“நடக்கறவங்களுக்கு மிசினை நம்பலாம். இங்க படுத்திருக்கறவங்களுக்கு, எவ்வளவு சீக்கு அதிகமோ அவ்வளவு சந்தேகமும் அதிகமா இருக்கணும்” என்றார்.

நாங்கள் தலையாட்டினோம். ஆனால் எண் என்றால் எண்தானே. அது வந்த பிறகு சந்தேகப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

மிசின் வந்த அந்த வருஷம் மார்கழி மாதம், காப்பிப் பழம் பறிக்கும் காலம். மதியம் தாண்டிய நேரம், கொட்டச்சேட்டுப் பக்கத்து எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. பின்னால் சாக்கை விரித்து ஒரு பெண்ணைக் கிடத்திக்கொண்டு வந்திருந்தார்கள். பெயர் சின்னப்பொண்ணு. எனக்குத் தெரிந்தவள்தான். சர்க்கரைக்கு எங்களிடமே மாத்திரை வாங்குகிறவள், வாய் ஓயாமல் பேசி வரிசையில் நிற்கிற மொத்தப் பேரையும் சிரிக்க வைப்பவள். போன இரண்டு மாதமாகப் பரிசோதனைக்கு வரவில்லை. இப்போது கூப்பிட்டால் பதில் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தாலும் நம்மைப் பார்க்கவில்லை. அவள் புருஷன் வெள்ளையன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பறிச்ச பழத்தைக் கொட்டிப் பொறுக்கிக்கிட்டு இருந்தாளுங்க. அப்படியே சாஞ்சுட்டாளுங்க. ஏனுங்க சிஸ்டர், முழிச்சுக்குவாளுங்களா?”

நாலாம் கட்டிலில் போட்டு ஆக்ஸிஜன் வைத்தோம். குளுக்கோமீட்டரை எடுத்தேன். விரல்கள் கறுத்துப் போயிருந்தன. எஸ்டேட்டில் பறிக்கிற எல்லோருக்கும் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், காயவிட்டேன், குத்தினேன். சொல்லிக் கொடுத்த முறையில் ஒன்றும் விடவில்லை. மிசினில் நானூற்றுப் பதினெட்டு வந்தது.

எல்லாம் சரியாகப் பொருந்தியது. சர்க்கரைக்காரி, இரண்டு மாதமாக வரவில்லை, மயங்கி விழுந்துவிட்டாள், கணக்கும் நானூறுக்கு மேல். டாக்டர், அவள் கையின் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பச் சொன்னார், இன்சுலின் எடுத்து வைக்கவும் சொன்னார். நான் இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொண்டு கட்டிலுக்கு வந்தேன்.

டாக்டர் போர்வையை விலக்கிப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடவே இல்லை.

“இருங்க சிஸ்டர்” என்றார். “கால் நனைஞ்சு இருக்கு.”

தொட்டுப் பார்த்தேன். வேர்வை. நெற்றியிலும் கழுத்திலும் கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மார்கழிக் குளிர், நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டரில் நிற்கிறோம். சர்க்கரை நானூறு ஏறி மயங்கினவர்கள் வறண்டு கிடப்பார்கள், நாக்கு கட்டை மாதிரி இருக்கும். இப்படி வேர்த்து விடுவது சர்க்கரை அடியோடு இறங்கினவர்களுக்கு.

“ஆள் ஒண்ணு சொல்றாங்க, மிசின் வேற சொல்லுது. அந்தக் கையில பாருங்க.”

இடது கையைத் துடைத்துக் குத்தினேன். இருநூற்றுத் தொண்ணூறு சொச்சம். ஒரே உடம்பு, ஒரே நேரம், இரண்டு கைக்கும் இத்தனை வித்தியாசமா? குளுக்கோஸ் பாட்டில்கூட இன்னும் மாட்டவில்லை. டாக்டர் தன் விரலை நீட்டினார். அவரைக் குத்தியதில் தொண்ணூற்றாறு வந்தது, மிசின் நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளையன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

“காத்தால என்ன சாப்பிட்டாங்க?”

“மாத்திரை போட்டுக்கிட்டாளுங்க. சோறு திங்கலீங்க. பஸ்ஸு வந்துருச்சுன்னு ஓடியாந்துட்டோம். மத்தியானம் திங்கலாமுன்னு சோத்தைப் போசியில கட்டிக்கிட்டு வந்தாளுங்க, அது ஜீப்புலதான் கெடக்குதுங்க.”

மாத்திரை உள்ளே போயிருக்கிறது, சோறு போகவில்லை. டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்படியானால் நானூற்றுப் பதினெட்டு எங்கிருந்து வந்தது? நான் சின்னப்பொண்ணின் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன். துடைத்த பஞ்சின் நார் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் குனிந்து அந்தக் கையை முகர்ந்தார்.

“என்ன வாசம் இது? இனிப்பா, புளிச்ச மாதிரி?”

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்ன வாசம் என்று கேட்க வேண்டுமா? சின்ன வயதில் அப்பா கண்ணில் படாமல் சிவந்த காப்பிப் பழத்தைப் பறித்து வாயில் போட்டுச் சப்பித் துப்பின கூட்டத்தில் நானும் ஒருத்தி. தோலுக்கும் கொட்டைக்கும் நடுவே வழவழவென்று இருக்குமே, அத்தனையும் இனிப்பு. நாள் முழுக்கப் பழத்தில் புழங்கின கையில் அது பூசிப் பூசிக் காய்ந்து போயிருந்தது. அதிகம் புழங்கின வலது கையில் அதிகம், இடது கையில் கொஞ்சம். ஸ்பிரிட் அதைக் கரைக்கவில்லை, பரத்திவிட்டது. ஊசியில் வந்த ரத்தம் அந்த இனிப்பில் தோய்ந்துதான் மிசினுக்குள் போயிருக்கிறது.

“டாக்டர், அது காப்பிப் பழத்தோட இனிப்பு. நாம பார்த்தது இவளோட சர்க்கரை இல்லைங்க, எஸ்டேட்டோட சர்க்கரை” என்றேன்.

அவர் கட்டிலோரத் தட்டில் நான் வைத்திருந்த இன்சுலின் ஊசியை எடுத்து, எட்ட இருந்த மேஜையில் கொண்டுபோய் வைத்தார். “டெக்ஸ்ட்ரோஸ் எடுங்க. காது மடல்ல குத்துங்க. காதால யாரும் காப்பி பறிக்கறதில்லை.”

காதில் குத்தினேன். முப்பத்தாறு.

அதற்குள் அவர் ரத்தக் குழாயில் டெக்ஸ்ட்ரோஸை, அதாவது அடர்த்தியான குளுக்கோஸை, ஏற்றத் தொடங்கியிருந்தார். காதுக் கணக்குக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை என்பதை நான் பிறகுதான் யோசித்தேன். அதைக் கேட்டபோது சொன்னார்: “சந்தேகம் வந்தா சர்க்கரையைக் கொடுத்துடணும் சிஸ்டர். ஏறிக் கிடக்கறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஏறினா சமாளிக்கலாம். இறங்கிக் கிடக்கறவங்களுக்கு இன்சுலின் போனா…” ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆரோக்கியம் அண்ணன் லேபிலிருந்து ஓடியே வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். “முப்பத்தி நாலு! இன்சுலின் போட்டுட்டீங்களா? போட்டுடாதீங்க!” என்று கதவிலேயே கத்தினார். போடவில்லை என்றதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கிளி ஜோசியம் என்ற பேச்சே அன்று அவர் வாயில் வரவில்லை.

குத்துவதற்கு முன் கையைத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சேலத்திலும் இல்லை, மிசினோடு வந்த புத்தகத்தில் இருந்திருந்தால் அது எங்கள் கண்ணில் படவில்லை. கீழே சமவெளி ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கிற எத்தனை நோயாளிகள் காப்பிப் பழத்திலிருந்து நேராக வருகிறார்கள்? அங்கேயே நின்று டாக்டர் சட்டம் போட்டார். பேசினில் வெந்நீர், சோப்பு, துவட்டத் துணி, அப்புறம்தான் ஊசி. அழுக்கும் போகும், குளிர்ந்த விரலுக்குச் சூடும் ஏறும். காப்பிக் காலம் முடிந்தால் ஆரஞ்சு, பலா என்று எங்கள் மலையில் கையில் ஒட்டாத பழம் எது? எனவே அது வருஷம் முழுவதுக்குமான சட்டமாகிவிட்டது.

ஜெனிஃபரிடம், பேசினைத் தாராளமாக எறியச் சொன்னேன். சுவரில் வெந்நீர்க் குழாய் வைத்துக்கொள்ளட்டும், இன்னும் நல்லது. கட்டிலை விட்டு எழ முடியாதவர்களுக்கு வேறொரு புதுப் பேசின் வாங்கட்டும். கை கழுவுவது மட்டும் போகக் கூடாது.

அந்தச் சட்டப்படி முதன்முதலில் கழுவப்பட்ட கை சின்னப்பொண்ணுடையதுதான். அதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன்.

டெக்ஸ்ட்ரோஸ் ஏறியதும் வேர்வை நின்றது. அவள் போட்டிருந்த மாத்திரை லேசில் விடாது, மறுபடியும் இறக்கிவிடும் என்பதால், ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டு மறு கையில் அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. மெஸ்ஸிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து, பேசினைக் கட்டிலில் வைத்து, அவள் வலது கையை அதில் இறக்கி, ஒவ்வொரு விரலாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் பழுப்பாக மாறியது. அந்தக் கறுத்த விரல்களைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த ஊசி என் கையில் அல்லவா இருந்தது.

விரல்கள் தண்ணீருக்குள் அசைந்தன. நிமிர்ந்தேன். சின்னப்பொண்ணு கண்ணைத் திறந்து, பேசினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுற்றி நின்ற டாக்டரையும், ஆரோக்கியம் அண்ணனையும், வாயில் துண்டை வைத்துக்கொண்டு நின்ற புருஷனையும் பார்த்தாள்.

“ஏனுங்க சிஸ்டர்,” என்றாள், “கையெல்லாம் கழுவி உடறீங்க. சோறு போடப் போறீங்களா? நொம்பப் பசிக்குதுங்க.”

டாக்டர் ஜெபராஜ் சத்தம் போட்டுச் சிரித்ததை அந்த வார்டு அதற்கு முன் கேட்டதில்லை. வெள்ளையன் ஜீப்புக்கு ஓடிப்போய்ப் போசியை எடுத்து வந்தான். நன்றாக விழுங்குகிறாளா என்று தண்ணீர் கொடுத்துப் பார்த்த பிறகு, தலையணையை உயர்த்தி உட்கார வைத்தோம். ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். பிறகு புதுத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அதே பேசினில் தன் கையைத் தானே கழுவிக்கொண்டாள்.